போர்மொழியும் ஒழுங்குவிதியும்: சப்ரகமுவத் தோட்டங்களை முன்வைத்து ஒரு சுதந்திரவாதப் பார்வை

போர்மொழி என்று இங்கே சொல்வது போர்க்களத்தில் பேசப்படும் மொழியை அல்ல. அரிசி விலை, உரம், அந்நியச் செலாவணி, தொற்றுநோய் முதலான அன்றாடக் காரியங்களை எதிரி, முற்றுகை, தியாகம், துரோகி என்ற சொற்களில் பேசும் அரசியல் வழக்கத்தை அது குறிக்கிறது. சாதாரண காலத்தில் நாலு கேள்வி கேட்ட பிறகே கிடைக்கக்கூடிய அதிகாரம், இந்த மொழியில் பேசினால் கேள்வியின்றிக் கிடைத்துவிடுகிறது. லிபர்டேரியனிசம் எனப்படும் சுதந்திரவாதம் இந்த வழக்கத்தை நெடுங்காலமாகக் கவனித்து வந்திருக்கிறது. முதல் உலகப் போரின்போது போரில்தான் அரசு கொழுக்கிறது என்று எழுதி, அந்தக் கட்டுரையை முடிக்காமலே 1918இல் இறந்துபோன அமெரிக்கர் ராண்டால்ஃப் போர்ன், போர்க்காலத் திட்டமிடல் அமைதிக்காலத்துக்கும் நீளுவதை 1944இல் எச்சரித்த ஹயெக், நெருக்கடிகளில் வீங்கும் அரசு பழைய அளவுக்கு ஒருபோதும் சுருங்குவதில்லை என்று 1987இல் அமெரிக்க வரலாற்றைக் கொண்டு காட்டிய ராபர்ட் ஹிக்ஸ் ஆகியோர் இந்த மரபில் அடிக்கடி பேசப்படுபவர்கள். துப்பாக்கி ஏந்திய அரசும் பங்கீட்டு அட்டை நீட்டும் அரசும் வேறு வேறல்ல என்பதும், ஒன்றுக்குத் தலையாட்டியவர் மற்றதை மறுக்கச் சொல்லின்றித் தவிப்பார் என்பதும் இவர்களது வாதம். இதைச் சோதித்துப் பார்க்க வாஷிங்டனுக்குப் போக வேண்டியதில்லை. இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில், இதற்கு எண்பது ஆண்டுச் சான்று கிடக்கிறது.

தோட்டம் என்றதும் ஓர் ஆட்சேபம் உடனே எழும். தோட்டங்களே தனியார் முதலீட்டின் விளைச்சல்தானே, அங்கே மனிதரை வதைத்தது அரசா, முதலாளியா? நியாயமான கேள்வி, ஆனால் வரலாறு அவ்வளவு நேராகப் பிரிந்து கிடக்கவில்லை. பத்திரம் காட்ட முடியாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கிய 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இல்லாமல் அந்த நிலம் துரைமார் கைக்குப் போயிருக்காது. கடன் முழுதும் தீர்ந்ததாகத் துண்டு கிடைத்தால்தான் தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் பேர் பதியலாம் என்ற ‘துண்டு முறை’, 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை ஆளைக் கட்டிப்போட்டிருந்தது. வேலை ஒப்பந்தத்தை மீறியவரைச் சிறைக்கு அனுப்பும் தண்டனைச் சட்டங்கள் அதற்குப் பக்கத்துணை. சந்தை என்றால் விரும்பியவர் விரும்பிய இடத்தில் தன் உழைப்பை விற்க முடிய வேண்டும். தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் அந்தச் சந்தை இருந்ததே இல்லை. ஆகவே சுதந்திரவாதி தோட்ட முதலாளிக்கு வக்காலத்து வாங்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை. துரையின் கையிலிருந்த சாட்டையில் பாதி அரசு முறுக்கிக் கொடுத்தது.

1937இல் நடந்த ஒரு வழக்கு இக்கதையின் வாசலில் நிற்கிறது. மலையகத் தோட்டமொன்றில் பயிற்சிக்கு வந்து, தொழிலாளர் பக்கம் சேர்ந்து மேடையேறிய ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் ஆணையிட்டார். கையில் எடுத்த ஆயுதம் 1896ஆம் ஆண்டின் ஓர் அரசாணை. உயர் நீதிமன்றம் அதைப் பிரித்துப் பார்த்து, இது நெருக்கடிக் காலத்துக்கென ஆக்கப்பட்ட அதிகாரம், இப்போது நாட்டில் அப்படியொரு நெருக்கடி இல்லை என்று சொல்லி அவரை விடுவித்தது. போர்மொழிக்கு ஒரு நீதிமன்றம் போட்ட மிகச் சுத்தமான எல்லைக்கோடு அது. பத்தே ஆண்டு கழித்து, 1947 ஜூனில், பொது வேலைநிறுத்தத்தின் நடுவே, குடியேற்ற ஆட்சியின் கடைசி நாட்களில், பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நிறைவேறியது. நெருக்கடி நிலைப் பிரகடனத்தை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது என்று அதிலேயே எழுதிவைத்தார்கள். ஸ்டப்ஸ் மாட்டிக்கொண்ட ஓட்டை அடைபட்டது. வெள்ளைக்காரன் போகும்போது விட்டுச்சென்ற சாமான்களில் சுதந்திர இலங்கை மிகக் கவனமாகத் துடைத்துப் பாதுகாத்தது இதைத்தான் என்று தோன்றுகிறது.

நிஜப் போர் தோட்டத்துக்குள் எப்படி வந்தது என்பதற்கு இறப்பர் மரம் சாட்சி. 1942இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானதும், நேசநாடுகளின் கைக்கெட்டும் இறப்பரில் பெரும்பகுதி இலங்கையுடையதானது. கேகாலையின் இறப்பர்க் காடுகள் ஒரே இரவில் இராணுவத் தளவாடக் கிடங்காகின. விலையையும் கொள்வனவையும் அரசு எடுத்துக்கொண்டது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை, இருக்கும் பாலையெல்லாம் இப்போதே வடித்துவிடு என்ற வெட்டு வந்தது. பட்டையில் சரிவாக ஒரு கோடு போட்டு, மறுநாள் அதன் கீழே மயிரிழை சீவி, இருபது முப்பது ஆண்டு ஒரு மரத்தை வாழவைப்பதே பால்வெட்டுக்காரரின் கைப்பக்குவம். போர்க்கால வெட்டு அந்தப் பக்குவத்தையே குற்றமாக்கிற்று. அதே 1942இல் அத்தியாவசிய சேவைகளில் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் ஆணையும் பிறந்தது; போர் முடிந்த பிறகும் ‘அத்தியாவசிய சேவை’ என்ற சொல் சட்டப் புத்தகத்தை விட்டுப் போகவில்லை, 1979இல் தனிச்சட்டமாகவே உட்கார்ந்துகொண்டது. பத்தாண்டு கழித்து அதே இறப்பர் இன்னொரு போரில் சிக்கியது. கொரியப் போரை ஒட்டி, சீனாவுக்கு இறப்பர் விற்பது எதிரிக்கு உதவுவது என்று அமெரிக்கா சொன்னது. அரிசிக்குத் தவித்த கொழும்பு, 1952 டிசம்பரில் ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் என்று சீனாவுடன் உடன்படிக்கை செய்தது. அமெரிக்க உதவி நின்றது. எதிரி என்ற சொல்லை நம்பாமல் வியாபாரம் பேசியதால் வயிறு நிறைந்தது. இதைத் தடையற்ற வணிகத்தின் வெற்றி என்று கொண்டாடுவதற்கும் இடமில்லை: அது இரு அரசுகளின் பண்டமாற்று, சிறு உற்பத்தியாளருக்கு அதில் குரல் கிடையாது.

போர்மொழியும் ஒழுங்குவிதியும் ஒரே உடலாகிப்போன காலம் 1971 முதல் 1977 வரை. 1971 மார்ச் 16இல் அவசரகால நிலை பிரகடனமானது. ஏப்ரல் 5இல் மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி வெடித்தது. கேகாலை மாவட்டம் கிளர்ச்சியாளரின் பலமான களங்களில் ஒன்று. இந்திய வம்சாவளியினரான தோட்டத் தமிழரை இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகச் சித்திரித்த பாடம் அந்த இயக்கத்தின் ஐந்து அரசியல் வகுப்புகளில் ஒன்றாக இருந்ததையும் இங்கே மறக்கக் கூடாது. எதிரியைக் கற்பனை செய்வதில் அரசுக்குத் தனியுரிமை இல்லை. கிளர்ச்சி சில வாரங்களில் ஒடுக்கப்பட்டது. அவசரகாலமோ 1977 பெப்ரவரி வரை, ஏறத்தாழ ஆறு ஆண்டு நீடித்தது. அந்த ஆறு ஆண்டில் அது என்ன செய்தது என்பதுதான் விஷயம். கிளர்ச்சியாளரை விசாரிக்க 1972இல் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் வந்தது. வழக்கமான சாட்சியச் சட்டத்தின் காப்புகள் அங்கே தளர்த்தப்பட்டன. பொலிஸாரிடம் கொடுத்த வாக்குமூலமும் செல்லும். அதே சட்டத்தின் கீழ், அதே ஆணைக்குழுக்களின் முன், நிறுத்தப்படக்கூடிய இன்னொரு வகைக் குற்றவாளி யார் என்றால், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை மீறியவர். துப்பாக்கி தூக்கியவரும் டாலர் ஒளித்தவரும் ஒரே கூண்டில். சுதந்திரவாதிகள் தத்துவமாகச் சொன்னதை இலங்கைப் பாராளுமன்றம் சட்டப் பிரிவாகவே எழுதிக் கொடுத்திருந்தது.

இதே காலத்தில், 1973இல் உணவு நெருக்கடி முற்றியபோது, அரசு நடத்திய உற்பத்தி இயக்கத்துக்குச் சிங்களத்தில் வைத்த பெயர் ‘வகா சங்கிராமய’. சங்கிராமம் நமக்கும் தெரிந்த சொல்தான், பயிர்ச்செய்கைப் போர். போர் என்றால் முன்னரண் வேண்டும். நெல் கொள்வனவு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் நெல் சந்தைப்படுத்தும் சபையின் கையில் இருந்தது. தனியார் அரிசி கொண்டுசெல்லத் தடை. அதைப் பிடிக்கத் தெருவுக்குத் தெரு தடை மரம். சிங்களச் சனம் அதை ‘ஹால் பொல்ல’ (அரிசித் தடி) என்று கேலியாக அழைத்தது. பேருந்தை நிறுத்தி, பையைத் திறந்து, துணிக்குக் கீழே கைவிட்டுத் துழாவி, இரண்டு கொத்து அரிசியை எடுத்து வெளியே வைக்கும் அரசு அது. கிராமத்தவருக்கு ஒரு துண்டு வயலோ, பலா மரமோ, மரவள்ளிக் கொல்லையோ இருந்தது. லயத்தில் இருந்தவருக்குச் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் விழும் பேரும் பங்கீட்டு மாவும் தவிர வேறில்லை. 1974இல் நாட்டின் இறப்பு விகிதமே ஏறியது; தோட்டங்களில் அது கூர்மையாக ஏறியது. உலகச் சந்தையில் அரிசியும் எண்ணெயும் விலையேறியதை அரசு உண்டாக்கவில்லை என்பது உண்மை. ஆனால் பற்றாக்குறை வந்த நேரத்தில் அரிசி இருக்கும் இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு நகரும் வழியை மறித்தது விதிதான். அந்த விதியைப் பஞ்சக் கொள்கை என்று விவாதித்திருந்தால் யாராவது கணக்குக் கேட்டிருப்பார்கள். போர் என்று விவாதித்ததால் அரிசி கொண்டுபோனவர் கடத்தல்காரரானார்.

நிலச் சீர்திருத்தமும் இதே காற்றில் வந்தது. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் தனியார் நிலத்துக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975இன் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. முதற்கட்டத்தில் அடிபட்டவை பெரும்பாலும் உள்நாட்டவர் வைத்திருந்த நடுத்தரத் தோட்டங்கள்; கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அவை ஏராளம். நிலம் கைமாறியது, அதில் நூறு ஆண்டு உழைத்தவர் பெயருக்கு ஒரு பேர்ச்சஸ் எழுதப்படவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்ததால் வாக்கும் இல்லை, பங்கும் இல்லை. வேலையும் லயமும் இழந்த குடும்பங்கள் வடக்கே வன்னிக்குப் பெயர்ந்தன. தோட்டங்கள் 1992இல் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோதும் லயம் லயமாகவே இருந்தது.

இலங்கைக்கு மட்டும் உரிய கோளாறு இது என்று எண்ண வேண்டாம். சீனப் போரையொட்டி இந்தியா 1962 அக்டோபர் 26இல் நெருக்கடி நிலையை அறிவித்தது. சண்டை நவம்பர் 21இல் ஓய்ந்தது. நெருக்கடி நிலை 1968 ஜனவரி வரை ஓயவில்லை. அதன் நிழலில், 1963 ஜனவரியில், இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தங்கக் கட்டுப்பாடு வந்தது: 14 காரட்டுக்கு மேல் நகை செய்யக் கூடாது. எல்லையில் நின்ற சீனச் சிப்பாய்க்கும் கும்பகோணத்துப் பத்தரின் உலைக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர் தேசத் துரோகியாகத் தெரிந்தார். தொழிலிழந்த பொற்கொல்லர் பலர் தற்கொலை செய்துகொண்டனர். 1968இல் அது தனிச்சட்டமாகி 1990 வரை வாழ்ந்தது. ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம்’ என்று ராஜாஜி பெயர் வைத்தது இந்த வகை ஆட்சிக்குத்தான். 1959இல் அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி தமிழில் இந்தச் சிந்தனைக்குக் கிடைத்த அரிய அரசியல் மேடை.

ஹிக்ஸ் இதைப் பல்சக்கரம் என்பார். முன்னே சுழலும், பின்னே திரும்பாது. இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயரோடு மூன்று ஆண்டுக்கென வந்து, 1982இல் நிரந்தரமாயிற்று. ‘தற்காலிகம்’ பெயரில் மட்டும் மிச்சம். வரியிலும் அதே சக்கரம். போருக்கென 1991இல் தேசிய பாதுகாப்பு வரி. 1996இல் ‘தேசத்தைக் காக்கும் பங்களிப்பு’. 2002இல் போர்நிறுத்தம் வந்த ஆண்டிலேயே பாதுகாப்பு வரி ஒழிந்தது, அதாவது பெறுமதி சேர் வரிக்குள் கரைந்தது. 2009இல், போர் முடியப்போகும் தறுவாயில், தேசத்தைக் கட்டியெழுப்பும் வரி பிறந்து பத்து ஆண்டு வாழ்ந்தது. 2022இல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி. காப்பது, கட்டுவது, மறுபடி காப்பது: வினைச்சொல் மாறுகிறது, இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானைக் கடையில் சவர்க்காரம் வாங்குபவரின் சில்லறை மட்டும் ஒரே திசையில் போகிறது.

இதற்கெதிரான வலுவான வாதம், ஆபத்துகள் கற்பனையல்ல என்பது. 1971இல் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன; பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் போர் நடந்தது; கொழும்பில் குண்டு வெடித்தது. இவற்றை மேடைப்பேச்சு என்று தள்ளுகிற சுதந்திரவாதி தன் வாதத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறார். கேட்க வேண்டியது, அந்த அதிகாரம் பாதுகாப்பைத் தந்ததா என்பது. சப்ரகமுவத் தோட்டத் தமிழர் 1977 ஓகஸ்டிலும், 1981 ஓகஸ்டிலும், 1983 ஜூலையிலும் தாக்கப்பட்டார்கள். 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகளின் லயங்கள் எரிந்தன. 1983 ஜூலையில் அரசிடம் அதிகாரம் போதாமல் இருந்ததா? அவசரகால நிலை அதே ஆண்டு மே 18 முதலே நடைமுறையில் இருந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டமும் கையில் இருந்தது. எல்லா அதிகாரமும் கையிலிருந்த வேளையில்தான் எதுவும் காக்கப்படவில்லை. அதற்குப் பிறகான ஆண்டுகளில் அந்த அதிகாரம் சுறுசுறுப்பாகத் தேடியது அடையாள அட்டை இல்லாத தோட்ட இளைஞரை. பிறப்புச் சான்றும் குடியுரிமைப் பத்திரமும் சரியாக வராததால் அட்டை வரவில்லை. ஒரு திணைக்களம் கொடுக்காத காகிதத்தை இன்னொரு திணைக்களம் சோதனைச்சாவடியில் கேட்டது.

2021க்கு வருவோம், ஏனெனில் அங்கே துப்பாக்கிச் சத்தமே இல்லை. போரில் வென்றவர் என்ற பெயரில் ஆட்சிக்கு வந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, மே மாத வர்த்தமானி ஒன்றால் இரசாயன உர, களைநாசினி இறக்குமதியைத் தடைசெய்தார். காட்டப்பட்ட காரணம் மண்ணும் மக்களின் உடல்நலமும். வற்றிக்கொண்டிருந்த டாலரும் காரணம் என்று பொருளியலாளர் பலர் கருதினர். ஓகஸ்ட் 30இல் உணவு விநியோகத்துக்கென அவசரகால விதிகள். பதுக்கல்காரரைப் பிடிக்க ஒரு மேஜர் ஜெனரல் அத்தியாவசிய சேவைகள் ஆணையாளர் நாயகமானார். அரிசி ஆலைக்காரரும் சீனி இறக்குமதியாளரும் செய்திகளில் ‘மாபியா’ ஆயினர். கட்டுப்பாட்டு விலையில் அரிசி கடைகளிலிருந்து மறைந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த விலையை அரசே விலக்கியது. உரத் தடை நவம்பரில் நீங்கியது. தேயிலைச் செடிக்கு இந்த நாட்காட்டி தெரியாது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி அளவுக்கு விழுந்தது. இரத்தினபுரியின் தாழ்நிலத் தேயிலையில் பெரும்பகுதி ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் சிறு உடைமையாளருடையது. அவர்களது மலைகளிலும் கம்பனி மலைகளிலும் பறிப்பவர் கையில் இது எப்படி விழுந்தது என்று தராசடியில் நின்று பார்க்கலாம். கொழுந்துச் சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், பல தோட்டங்களில் முள் 18 கிலோவைத் தொட்டால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி. உரம் காணாத செடியில் வங்கி இலை கூடி, கொழுந்து குறைந்து, நாள் முழுக்க நின்றாலும் முள் 14இல், 15இல் நிற்கிறது. கணக்கப்பிள்ளை அரைப்பேர் எழுதுகிறார். வர்த்தமானியின் கடைசி வரி அந்தச் செக்ரோலில்தான் எழுதப்பட்டது.

அப்படியானால் தொழிலாளரைக் காத்த விதிகள்? துண்டு முறையை ஒழித்ததே சட்டம்தானே. 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் போன்றவை இல்லையேல் குறைந்தபட்சக் கூலியே இருந்திராதே என்பார்கள். இந்த ஆட்சேபத்துக்குச் சுதந்திரவாதம் பாதி வழி இறங்கி வரத்தான் வேண்டும். துண்டை ஒழித்தது ஒரு கட்டை அவிழ்த்த சட்டம். அதில் முரண்பாடே இல்லை. கூலி விவகாரம் சிக்கலானது. ஒரே ஒரு முதலாளி உள்ள மலையில், லயமும் பிள்ளைக் காப்பகமும் வேலையோடு பிணைந்திருக்கையில், பேரம் பேசு என்று தொழிலாளியிடம் சொல்வது வெறும் வாய்ச்சொல். அங்கே அடித்தளக் கூலியை எதிர்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆயினும் 2021 மார்ச்சில் நாட்கூலி 1,000 ரூபா வர்த்தமானியில் வந்ததும் நடந்ததைப் பாருங்கள்: கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின, பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டின. தொழிற்சங்கம் மேசையில் உட்கார்ந்து பேசிய இடத்தை அமைச்சரின் கையெழுத்து பிடித்துக்கொண்டது. கூலியை உயர்த்திய கையே இரண்டு மாதம் கழித்து உரத்தை நிறுத்தியது. தொழிலாளருக்கு நீடித்த பலம் சங்கம் சேரும் உரிமையும், வேலையை நிறுத்தும் உரிமையும், மலையை விட்டு வெளியேறி வேறு வேலை தேடும் உரிமையும். அவசரகாலமும் அத்தியாவசிய சேவைச் சட்டமும் முதலில் கைவைப்பவை இம்மூன்றில்தான்.

எல்லா ஒழுங்குவிதியும் தீது என்ற முடிவு இதிலிருந்து வராது. எந்த விதியிடமும் கேட்கத் தக்க சாதாரணக் கேள்விகள் உண்டு: எத்தனை நாளைக்கு, யார் செலவில், பிழையானால் யாரிடம் முறையிடுவது. போர்மொழியின் வேலை இந்தக் கேள்விகளை வெட்கத்துக்குரியவையாக்குவது. 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதி பிறப்பித்த அவசரகாலப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. 1937இன் கோடு மறுபடி தெரிந்தது, மூன்று ஆண்டு தாமதமாக. உர விவகாரத்தின் கணக்கு வேறு விதமாக முடிந்தது. தரமில்லை என்று திருப்பப்பட்ட சேதன உரக் கப்பலுக்காகச் சீன நிறுவனத்துக்கு 2022 ஜனவரியில் 60 லட்சம் டாலருக்கு மேல் செலுத்தப்பட்டது. அதே மாதம் நெற்செய்கையாளருக்கு இழப்பீடு அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பில் கொழுந்து பறிப்போர் இல்லை.